புகைக்குழாய் யாருக்காகக் கத்துகிறது?

சத்தம் வேறு, சக்தி வேறு. இந்தச் சிறிய உண்மையை மறைத்துத்தான் இன்று ஒரு பெரிய வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது. காரின் அடியில் இருக்கும் புகைக்குழாயை அறுத்தெறிவது, அதைவிட அகலமான குழாய் ஒன்றைப் பற்றவைப்பது, "இனிமேல் உங்க வண்டி புலி, அண்ணாச்சி!" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்குவது. பெரிய நகரங்களோடு நின்றிருந்த இந்தப் பழக்கம் நெல்லைச் சீமையின் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. சாத்தான்குளம் பஜாரில் மாலை வேளையில் நிற்கிறவர்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

"கார் வைத்திருப்பவன் குழாயை மாற்றுகிறான். உழைப்பாளிகள் படிக்கும் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். நாம் சொல்லும் பதில் இது. அந்தக் குழாயை அறுப்பவன் தொழிலாளி. அதன் புகையை முதல் மூச்சில் குடிப்பவனும் அவனே. அந்த வண்டியை ரோட்டில் ஓட்டிச் சென்று அபராதச் சீட்டு வாங்குகிறவன், பல சமயங்களில், மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த டிரைவர். ஆசை ஒருவருடையது, அவஸ்தை இன்னொருவருடையது. இந்தக் கணக்கை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

டர்போ என்றாலே பந்தயக் கார் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது. முருங்கைக்காய் மூட்டை ஏற்றிப் போகும் பொலேரோ பிக்கப்பில் டர்போ இருக்கிறது. 2011-ல் ஓசூர் ஆலையிலிருந்து புறப்பட்ட அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டியில் இருக்கிறது. திருச்செந்தூருக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்லும் டீசல் வாடகைக் கார்களில் இருக்கிறது. பெட்ரோல் கார்களையும் அது விட்டுவைக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 2019-லும், ஒரகடத்தில் 2020-லும் ஒரு லிட்டர் என்ஜினோடு டர்போ பொருத்திய சிறு கார்கள் உருவாகத் தொடங்கின. அவற்றின் திருகாணிகளை முடுக்கியதும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைதான். ஆகவே டர்போ என்பது சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை அன்று. நம் ஊர்ச் சரக்கு வண்டியின் நுரையீரல் அது.

அது எப்படி வேலை செய்கிறது? கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள். உலை கனன்று எரியத் துருத்தி ஊதவேண்டும். துருத்தி ஊத ஓர் ஆள் வேண்டும். டர்போவில் அந்த ஆள் இல்லை. உலையிலிருந்து வெளியேறும் சூடான புகையே துருத்தியை இயக்குகிறது. ஓர் அச்சு; அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள். என்ஜின் கக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு சேர்ந்து சுழலும் மறு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் புகுந்தால் எண்ணெயும் அதிகம் எரியலாம். எரிந்தால் இழுவை கூடும். வீணாகப் போகிற புகையிலிருந்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஆல்பிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர் 1905-லேயே உரிமை பதிவு செய்தார்.

சின்னஞ்சிறு சக்கரம் என்று அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று, இரண்டு லட்சம் சுற்று என்று அது சுழல்கிறது. பெட்ரோல் என்ஜினின் புகை 900 டிகிரிச் சூட்டையும் தொடும். இத்தனை சூட்டிலும் வேகத்திலும் அந்த அச்சைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் என்று ஒரு டர்போ கார் வந்தது. என்ஜின் தட்டாமல் இருக்க அதற்குத் தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தை அடிக்கடி நிரப்ப வேண்டும். வாங்கினவர்கள் பலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1963-ஓடு கடை கட்டப்பட்டது. காசு கொடுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்குக் காப்பாற்றத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லையே!

இனி, விஷயத்துக்கு வருவோம். குழாயை மாற்றினால் இழுவை கூடும் என்று மெக்கானிக் சொல்கிறாரே, அது பொய்யா? முழுப் பொய்யில்லை. டர்போ இல்லாத என்ஜினில் குழாயின் நீளம், அகலம், வளைவு எல்லாவற்றுக்கும் நுட்பமான கணக்கு உண்டு. கண்டபடி அகலப்படுத்தினால் இழுவை குறைவதும் உண்டு. டர்போ வண்டியில் அந்தக் கணக்கு வேறு. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வந்த புகை எவ்வளவு தடையில்லாமல் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. பின்னால் அழுத்தம் குறைந்தால் சக்கரம் சீக்கிரம் வேகமெடுக்கும். கம்பெனிக்காரர் செலவைக் குறைக்கக் குழாயை நசுக்கி வளைத்திருப்பார்; வளைவில் துளை ஒடுங்கியிருக்கும். அந்த இடத்தில் ஒடுங்காமல் வளைத்த நல்ல எவர்சில்வர் குழாயைப் போட்டால் பலன் உண்டு. கைத்திறன் உள்ள மெக்கானிக் இதைச் செய்தால் நாம் அவரைப் பாராட்டவே செய்வோம். இயந்திரத்தைத் திருத்தி அமைப்பது தொழிலாளியின் அறிவு. அந்த அறிவைக் குற்றம் என்று சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால் கடையில் விற்கப்படுவது அந்த அறிவா? நூற்றுக்கு எத்தனை பேர் அந்த வளைவைத் தேடிப் போகிறார்கள்? பெரும்பாலும் நடப்பது என்ன? பின் பம்பருக்கு அடியில் இருக்கும் சைலன்சரை அறுத்துவிட்டு, வாய் அகன்ற, பளபளக்கும் ஒரு முனையைப் பொருத்துவது. தடை இருந்த இடம் ஒன்று, வெட்டிய இடம் வேறு. வயிற்று வலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதை! இழுவை அப்படியே இருக்கிறது. இரைச்சல் மட்டும் நாலு மடங்காகிறது. காது அதிர்ந்தால் கால் அழுத்துகிறது. கால் அழுத்தினால் வண்டி பறக்கத்தானே செய்யும்? பறந்தது குழாயால் என்று ஆசாமி நம்பிவிடுகிறார்.

சரி, உண்மையிலேயே முழுக் குழாயையும் மாற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. டர்போ அளவுக்கு மிஞ்சி ஊதாமல் இருக்க, மிச்சப் புகையை ஒதுக்கி விடும் ஒரு கதவு உண்டு. பழைய குழாயின் தடையையும் கணக்கிலெடுத்துத்தான் அந்தக் கதவின் அளவை வைத்திருக்கிறார்கள். தடையை ஒரேயடியாக நீக்கினால் சில வண்டிகளில் அந்தக் கதவால் சமாளிக்க முடிவதில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கையும் அதற்கேற்பத் திருத்தாவிட்டால் பலனில் பெரும் பகுதி கிடைக்காது. அரைகுறையாகத் திருத்தினால் பிஸ்டன் போகும், அல்லது சக்கரமே சிதறும். சிதறின பிறகு, "டிரைவர் ஓட்டின லட்சணம்" என்றுதான் தீர்ப்பு வரும். குழாய் விற்றவர் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார்.

வண்டி இழுக்கவில்லை என்று புலம்புகிற சாத்தான்குளத்து டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. புகை வெளியேறும் வழியைப் பார்க்கும் முன் காற்று நுழையும் வழியைப் பாருங்கள். இது தேரி நாடு. குதிரைமொழித் தேரியின் செம்மணல் ஆடி மாதக் காற்றில் எப்படிப் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மணலைக் குடித்து அடைத்துப்போன ஏர் பில்டரோடு ஓடும் டர்போ, மூக்கைப் பொத்திக்கொண்டு பனையேறுகிறவன் மாதிரிதான். பில்டர் கிழிந்திருந்தாலோ இன்னும் மோசம். ஒவ்வொரு மணற்பொடியும் லட்சம் சுற்றுச் சுற்றும் சக்கரத்தின் இதழை அரிக்கும். வெளியூரில் குறித்துக் கொடுத்த கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது; அதற்கு முன்பே மாற்ற வேண்டும். காற்றுக் குழாயில் வெடிப்பு விழுந்திருக்கலாம். என்ஜினுக்கும் டர்போவுக்கும் நடுவே கேஸ்கட் கசிந்து கரி படிந்திருக்கலாம். இவையெல்லாம் சில நூறு ரூபாயிலோ சில ஆயிரத்திலோ முடிகிற வேலைகள். பாரம் இழுத்து வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதற்குக் காசே வேண்டாம். கொதிக்கிற அச்சில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் அது கருகிக் கட்டியாகிவிடும்.

குழாயை மாற்றியே தீரவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. உடன்குடி, குலசேகரப்பட்டினம், திருச்செந்தூர் என்று கடலோரமாகவே ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று எமன். சாதா இரும்புக் குழாய் உள்ளும் புறமும் துருப்பிடித்து ஓட்டையாகும். அப்போது கொஞ்சம் கூடச் செலவானாலும் தரமான எவர்சில்வர் குழாயைப் போடுவதும், தொங்கவிடும் ரப்பர்களையும் அதிர்வு தாங்கும் மடிப்புக் குழாயையும் புதிதாக மாற்றுவதும் கெட்டிக்காரத்தனம். சைலன்சர் சைலன்சராகவே இருக்கட்டும். அதனால் எவருடைய சவாரியும் நின்றுபோகப் போவதில்லை.

இந்த வியாபாரத்தின் உண்மையான திருட்டு வேறிடத்தில் இருக்கிறது. டர்போவுக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு டப்பா இருக்கிறதே, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறோம். உள்ளே தேன்கூடு போன்ற கல். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்களின் பூச்சு. நச்சுப் புகையை அவை தணித்து அனுப்புகின்றன. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் ஒழிந்தது. "இது புகையைத் தடுக்கிறது, அண்ணாச்சி, எடுத்துவிடலாம்" என்று சொல்லி அதை அறுத்தெடுக்கிறார்கள். அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள். அறுத்த டப்பா எங்கே போகிறது? பழைய உலோகம் வாங்குகிறவன் அதற்கென்றே அலைகிறான். கொடுத்தவன் கேட்பதில்லை, எடுத்தவன் சொல்வதில்லை. தன் வீட்டுப் பண்டத்தைத் திருடிக்கொடுத்துவிட்டுக் கூலியும் கொடுக்கிற புத்திசாலிகளை வேறெங்கே காணமுடியும்?

டீசல் வண்டியில் இன்னொரு வடிகட்டி உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது, கரித்தூளைப் பிடித்து நிறுத்தும் அந்த வடிகட்டி பெரும்பாலான புதிய டீசல் வண்டிகளில் ஏறியது. அதற்காக டீசலில் இருந்த கந்தகமும் கிலோவுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. இதன்மேல் டிரைவர்களுக்கு உள்ள கோபத்தை நாம் அறிவோம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவேண்டும். பஜாரிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து பஸ் நிலையத்துக்கும் தட்டுத்தடுமாறும் வண்டிக்கு அந்த வாய்ப்பு ஏது? விளக்கு எரிகிறது, இழுவை குறைகிறது, கம்பெனிப் பட்டறைக்குப் போனால் பில்லைப் பார்த்து மயக்கம் வருகிறது. உள்ளூர்ப் பட்டறைக்காரர் வடிகட்டியைப் பிடுங்கி வெறும் குழாயை வைத்துவிடுகிறார். ஊரையும் வண்டியையும் கெடுக்கும் வைத்தியம்தான் அது. ஆனால் அந்த வைத்தியத்தைத் தேடி ஓடவைத்தது கம்பெனியின் பில் அல்லவா? வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வசதியை மாவட்டத்துக்கு மாவட்டம், கட்டுப்படியாகும் கூலியில் செய்து கொடுக்க வேண்டிய கடமை வண்டி விற்றவனுக்கு இல்லையா? சர்க்கார் இதைக் கேட்க வேண்டும்.

அந்தக் கரித்தூள் என்ன செய்யும் என்பதை யார் உடம்பில் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தொழிலாளிகளின் உடம்பில். சுரங்கத்துக்குள் டீசல் இயந்திரங்களோடு உழைத்தவர்களையும், லாரித் தொழிலாளிகளையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்த பிறகுதான், உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் வரிசையில் சேர்த்தது. வெல்டிங் புகையையும் அதே நிலையம் 2017-ல் அதே வரிசையில் வைத்தது. இப்போது நம் பட்டறையை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை. மூன்று பக்கம் சுவர். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் ஒரு பையன். புதுக்குழாயின் சத்தத்தை வாடிக்கைக்காரர் கேட்டுப் பரவசப்பட வேண்டுமென்று, வடிகட்டி பிடுங்கப்பட்ட என்ஜினை மேலே ஒருவர் உறுமவிடுகிறார். அவன் முகத்துக்கு நேரே குழாய்.

செலவைக் குறைக்கத் தண்ணீர்க் குழாய்க்குள்ள ஜி.ஐ. பைப்பை வெட்டிப் பற்றவைக்கும் இடங்களும் உண்டு. மேலே பூசிய துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். "பாலைக் குடி, சரியாயிடும்" என்பார்கள். பாலுக்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு? பூச்சைச் சுரண்டிவிட்டுப் பற்றவைப்பதும், திறந்த வெளியில் காற்றோட்டமாக நின்று செய்வதும், தகுந்த முகமூடி போடுவதும்தான் மருந்து. ஓடுகிற வண்டியின் குழாய் வாயில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டிப் புகையைக் கூரைக்கு வெளியே விடுவது பெரிய செலவா? பளபளக்கும் குழாய் முனை ஒன்று விற்ற லாபத்தில் அது வந்துவிடும்.

ஊராருக்கு வரும் தொல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆலையை விட்டு வரும் கார் சோதனை ஓட்டத்தில் 74 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக்கூடாது. அதன்மேல் பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி வட்டாரம். குடியிருப்பில் இரவு 10 மணிக்குமேல் 45 டெசிபல்தான். சாத்தான்குளம் அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்கும், இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டுப் பகலில் கண்ணயர்கிறவருக்கும் இந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வருஷந்தோறும் எடுக்கும் புகைச் சான்றிதழ்ச் சோதனையில் சத்தத்தை அளப்பதே இல்லை! புகையை ஒரு குழல் வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் குழாயின் இரைச்சலை யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, வண்டியை அனுமதியில்லாமல் மாற்றிய சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். சத்த வரம்பையும் புகை வரம்பையும் மீறிய வண்டியை ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்; லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும். இந்தக் கடைசித் தண்டனையைக் கவனியுங்கள். லைசென்ஸ் போனால் முதலாளிக்கு என்ன? அவர் வேறு டிரைவரை வைத்துக்கொள்வார். டிரைவருக்கு மூன்று மாதம் அடுப்பு எரியாது. ஓட்டியவனை மட்டுமல்ல, ஓட்டவைத்தவனையும் ஓட்ட அனுமதித்தவனையும் அதே பிரிவு சேர்த்தே பிடிக்கிறது. சட்டத்தில் இருக்கிற அந்த இரண்டு வார்த்தைகள் செக்போஸ்ட்டில் ஏன் காணாமல் போகின்றன? அபராதத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் புண்ணியவான்களும் நம் நாட்டில் உண்டு என்பதால்தான் கேட்கிறோம்.

மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் பறிமுதல் செய்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். பார்க்க அழகான காட்சிதான். அந்த ரோலர் பெரிய ஆலைகளின் வாசலுக்குப் போனதுண்டா? டவேரா வண்டி நம் வாடகைக் கார் டிரைவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஏன்? புகைச் சோதனைக்கு வரும்போது, குறைவாகப் புகைவிடும் என்ஜின்களைப் பொறுக்கியெடுத்து மாட்டிக் காட்டியிருந்தார்கள்! 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் அகப்பட்டது. சோதனைச்சாலையில் நின்றால் சாதுவாக மூச்சுவிடவும், ரோட்டுக்கு வந்தால் நச்சைக் கக்கவும் அதன் டர்போ டீசல் கார்களின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கக் கார்களில் வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த மே மாதமே உச்ச நீதிமன்றம் வசூலுக்குத் தடை போட்டது. 5,000 ரூபாய்க்காரனுக்கு எந்த நீதிமன்றத்தில் எந்த வக்கீல் தடை வாங்கித் தருவார்? விதியை மீறும் கம்பெனிக்கு 100 கோடி வரை அபராதம் போட 2019-ம் வருஷத் திருத்தத்திலேயே இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

"அப்படியானால் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சாத்தான்குளத்தில் நின்றுகொண்டு பேசும்போது கவனமாகப் பேசவேண்டியிருக்கிறது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில், 2020 ஜூன் 19 அன்று, இந்த ஊர் வியாபாரிகளான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஜூன் 22, 23 தேதிகளில் ஒருவர் பின் ஒருவராக இருவரும் மாண்டார்கள். ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றம் சாட்டி சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது. அபராதச் சீட்டோடு முடியவேண்டிய குற்றச்சாட்டு இரண்டு உயிர்களில் போய் முடிந்த ஊர் இது. ஆகவே, சத்தம் அதிகம் என்பதை லத்தி தீர்மானிக்கக் கூடாது. போலீஸ்காரரின் காதும் தீர்மானிக்கக் கூடாது. டெசிபல் மானி தீர்மானிக்கட்டும். அளவு சீட்டில் பதியட்டும். சீட்டில் டிரைவர் பெயரோடு சொந்தக்காரர் பெயரும் ஏறட்டும். வண்டியை நிறுத்தினவர் அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை.

அதைவிட மேலான வழி, ரோட்டுக்கு வருமுன் பிடிப்பது. குழாய் விற்கும் கடையிலேயே, இன்ன வண்டிக்கு, இன்ன அளவுச் சத்தத்துக்கு உட்பட்டது என்ற முத்திரை இல்லாத சரக்கை விற்கவிடாமல் தடுத்தால், பையன் அறுக்கவும் வேண்டாம், டிரைவர் சிக்கவும் வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் தகுதிச் சான்றுக்கு வரும் வாடகை வண்டிகளை மானி வைத்து அளக்கட்டும். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு முன்பு, குழுக்கள் வேன் பிடிக்கும் நாட்களில், இதை முதலில் செய்து பார்க்கலாம்.

டிரைவர் தோழர்களுக்குச் சொல்வது: முதலாளி குழாயை மாற்றச் சொன்னால், மாற்றச் சொன்னவர் பெயரிலேயே பட்டறை பில் இருக்கட்டும். என்னென்ன கழற்றப்பட்டது என்று அதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய டப்பாவை வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்து அவர் வாசலில் இறக்குங்கள். அந்த பில் உங்கள் கையில் இருக்கும்வரை, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எவராலும் சொல்ல முடியாது.

பட்டறைத் தொழிலாளிகளுக்குச் சொல்வது: பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்கு இ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயமில்லை, ஆகவே உங்கள் இருமலுக்குக் கணக்கு வைக்க ஆளில்லை. ஆனால் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் மோட்டார் பட்டறைத் தொழிலாளர்களுக்குமென்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்கள் அதில் பதிந்துகொள்ளலாம். 18 நிரம்பாத பையன்கள் வண்டிக்கு அடியில் கிடக்கிறார்களே, அது வேறு வழக்கு, அதையும் எழுதுவோம். இப்போதைக்கு, நம் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் ரோடு, நாசரேத் ரோடு, திசையன்விளை ரோடு மூன்றிலும் உள்ள பட்டறைகளுக்குப் போகட்டும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது, எத்தனை இடத்தில் புகை வெளியேற்றும் ஹோஸ் இருக்கிறது என்று மூன்று கட்டம் போட்டு எழுதி அனுப்பட்டும். வந்த கணக்கை இதே பத்தியில் வெளியிடுவோம்.